போன மாத வாசிப்பு: ஒரு புதுப்பிப்பு

போன வாரம் இங்கே எழுதியபோது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை நாற்பது பக்கத்தோடு மூடி வைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன். கதை நடக்கும் இந்தோனேசிய நகரமான மெடானும் மலாய்ச் சொற்களும் பிடிபடவில்லை என்பதுதான் காரணம். "அர்த்தம் தேடி நிற்காதீர்கள், போய்க்கொண்டே இருங்கள்" என்று இரண்டு பேர் சொன்னீர்கள். நேற்று இரவு முடித்தேன். அந்த யோசனைக்கு மனமார்ந்த நன்றி.

கடலில் புயல் வந்த பிறகு புத்தகத்தைக் கீழே வைக்கவே முடியவில்லை. அலை அடிக்கிற வேகத்திலேயே வாக்கியங்களும் துண்டு துண்டாக விழுகின்றன. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்கும். அதைவிட என்னை உலுக்கியது, போருக்கு நடுவில் எங்கோ தூரதேசத்தில் இருக்கும் நாயகன் பாண்டியனுக்கு மதுரைத் தெருக்கள் நினைவில் விரிகிற இடம். 1972-இல் வெளிவந்த நாவல் இது. இவர் எழுதியது மொத்தமே இரண்டு நாவல்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலைப் பற்றி முன்பு "நன்றாக இருக்கிறது" என்று ஒரே வரியில் கடந்திருந்தேன். அது போதாது. கிரிக்கெட் ஆடித் திரிந்த சந்திரசேகரன் கடைசிப் பக்கத்தில் ஓடுகிற ஓட்டம் பத்து நாளாக என்னை விடவில்லை. அடுத்து சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' எடுத்திருக்கிறேன்.