இங்கிலாந்தில் முதல் குளிர்காலம்: சிக்கன் கடையிலிருந்து சமையலறைக்கு

செப்டம்பரில் படிக்க வந்தவர்களும் வேலைக்கு வந்தவர்களும் டிசம்பர் ஆனதும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். பேண்ட் இடுப்பில் பிடிக்கிறது, மத்தியானம் கண்ணைச் சொருகுகிறது, வேலை முடிந்து வரும்போது பொரித்த சிக்கன் விற்கும் கடை வாசலில் கால் தானாக நிற்கிறது. இவர்களில் பலர் ஊரில் வெளிச்சாப்பாடே அதிகம் சாப்பிடாதவர்கள். அதனால் நாக்கு கெட்டுப்போய்விட்டது என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஊரில் நீங்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு யாரோ ஒருவர் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். இங்கே அந்த ஆள் இல்லை. லண்டனில் டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். பசியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும் வழியில் வெளிச்சமாகவும் சூடாகவும் இருப்பது அந்தக் கடை ஒன்றுதான்.

‘நாளையிலிருந்து வாயைக் கட்டிவிடுவேன்’ என்று தொடங்குபவர்கள் அதிக நாள் தாங்குவதில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: வீட்டுக்குள் நுழைந்து கால் மணி நேரத்தில் தட்டில் சூடாகச் சாப்பாடு இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பழக்கத்தில் பாதி அதிலேயே விட்டுப்போகும். மீதியைப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இதை இளவயதிலேயே ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம் உடம்பு வாகு அப்படி. இங்கே பொதுவாக பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 25-ஐத் தாண்டினால் எடை கூடுதல் என்பார்கள். தெற்காசியர்களுக்கு அந்தக் கோடு 23-லேயே தொடங்குகிறது, 27.5-க்கு மேல் போனால் உடல் பருமன் கணக்கில் வைக்கிறார்கள். பார்க்க ஒல்லியாக இருந்துகொண்டே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும், சர்க்கரை நோய் சீக்கிரம் எட்டிப்பார்ப்பதும் நம்மிடம் அதிகம். வெள்ளைக்காரர்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் சொல்லும் எச்சரிக்கையை நமக்கு இருபத்தைந்திலேயே சொல்கிறார்கள். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ் இலவசமாகச் செய்யும் பொதுப் பரிசோதனைக்கு உங்களை நாற்பது வயதில்தான் கூப்பிடுவார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், ஜி.பி என்னும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யும்போதே அதைச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தது. இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய பாக்கெட் வகைகள், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்தவை. சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பரிமாறப்பட்டன. எவ்வளவு வேண்டுமோ சாப்பிடலாம். பாக்கெட் வகைகள் கொடுத்த நாட்களில் அதே ஆட்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. மன உறுதி இல்லாதவன் என்று தன்னையே நொந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தோன்றும். கையில் இருக்கும் பொருளே அதிகமாகச் சாப்பிட வைக்கும் பொருள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் தட்டைத் தொடாதீர்கள், குடிப்பதை மாற்றுங்கள். அதுதான் இருப்பதில் சுலபம். ஷிஃப்டில் பலர் குடிக்கும் அரை லிட்டர் எனர்ஜி டிரிங்க் கேனைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால் முழு கேனில் 55 கிராம். பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சர்க்கரையாக 30 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பது என்.எச்.எஸ் அறிவுரை. ஒரு கேனிலேயே கிட்டத்தட்ட இரண்டு நாள் கணக்கு முடிந்துவிடுகிறது. 2018 ஏப்ரலில் சர்க்கரை பானங்களுக்கு வரி வந்த பிறகு பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன, ஆனால் எல்லாரும் குறைக்கவில்லை. எனவே பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். டீயில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அரைக் கரண்டி குறைத்து, நாக்கு அதற்குப் பழகியதும் இன்னொரு அரை குறையுங்கள்.

இங்கே பல பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கட்டங்கள் இருக்கும். 100 கிராமுக்குச் சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல் போனாலோ உப்பு 1.5 கிராமுக்கு மேல் போனாலோ சிவப்பு. இது நல்ல ஏற்பாடு, ஆனால் அந்த எண்கள் எந்த அளவுக்கு என்று பாருங்கள். பீட்சா டப்பாவில் ‘பாதி பீட்சாவுக்கு’ என்று இருக்கும், பெரிய கிரிஸ்ப்ஸ் (நம் உருளைக்கிழங்கு சிப்ஸ்) பையில் ‘30 கிராமுக்கு’ என்று இருக்கும். பாதி பீட்சாவோடு எழுந்து போகிறவர் யார்? நீங்கள் எவ்வளவு சாப்பிடப் போகிறீர்களோ அவ்வளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். அப்புறம் ஒரு விஷயம்: 2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் காசு கட்டும் இடத்தருகே இந்தச் சாக்லேட், கிரிஸ்ப்ஸ் வகைகளை வைக்கக் கூடாது. சின்னக் கடைகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ரயில் நிலையத்தை ஒட்டிய சின்னக் கடையில் பால் மட்டும் வாங்கப் போனால் கை வேறெதையோ எடுத்துவிடும். பால், முட்டையை வாரக் கடைசியில் பெரிய கடையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

இனி அந்தக் கால் மணி நேரச் சாப்பாடு. எந்த ஊரில் இருந்தாலும், தமிழ்க் கடையே இல்லாத ஊராக இருந்தாலும், சூப்பர்மார்க்கெட்டில் ரெட் லென்டில்ஸ் என்று மைசூர் பருப்பு கிடைக்கும். ஊறவைக்க வேண்டாம், குக்கர் வேண்டாம். ஒரு டம்ளர் பருப்பை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, மூன்றரை டம்ளர் தண்ணீர், மஞ்சள் தூள், நசுக்கிய பூண்டு நாலு பல், ஒரு சொட்டு எண்ணெய் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், மூடியைச் சாய்த்து வையுங்கள். இருபது நிமிடத்துக்குள் சிவப்பு நிறம் போய் மஞ்சளாகக் குழைந்துவிடும். அதில் ஃப்ரீசரிலிருந்து உறைந்த பசலைக்கீரைக் கட்டிகள் நாலைந்தைப் போட்டால் அவை கரைந்து பருப்போடு சேர்ந்துகொள்ளும். உப்பு, எலுமிச்சைச் சாறு. கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் கீரைக் கூட்டு தயார். ஞாயிற்றுக்கிழமை இதை இரண்டு மடங்காக வைத்து, டப்பாக்களில் பிரித்து, இரண்டு நாளைக்கானதை ஃப்ரிட்ஜிலும் மீதியை ஃப்ரீசரிலும் வையுங்கள். ஒரு சிக்கன் பாக்ஸ் வாங்கும் காசில் வாரத்துக்கான பருப்பும் கீரையும் வந்துவிடும்.

இதே முறையில் டின் கொண்டைக்கடலையில் குழம்பு, டின் ராஜ்மாவில் குருமா செய்யலாம். முட்டைக்கோஸ் பொரியல் தெரியாத தமிழர் இல்லை. இங்கே கிடைக்கும் ஸ்பிரிங் கிரீன்ஸ், கேல் என்ற இரண்டு கீரைகளையும் பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்துத் தேங்காய்த் துருவல் போட்டால் கீரைப் பொரியல் மாதிரியே இருக்கும். தேங்காய்த் துருவல், முருங்கைக்காய், வெண்டைக்காய் எல்லாம் லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கத்துத் தமிழ்க் கடைகளில் உறைந்த பாக்கெட்டாகக் கிடைக்கும். உறைந்த காய் சத்தில்லாதது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், அதைப் பறித்த கையோடு உறையவைக்கிறார்கள். மீன் வேண்டுபவர்களுக்கு மேக்கரல் என்பது நம் கானாங்கெளுத்தி வகைதான். டின் சார்டின் நம் மத்தி. வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் வதக்கி அந்த டின்னைக் கவிழ்த்துக் கிளறினால் பத்தே நிமிடத்தில் தொட்டுக்கொள்ளத் தயார்.

சோற்றில் மட்டும் கவனம். பலர் பானை நிறையச் சமைத்து அடுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். சமைத்த சோற்றில் பிழைத்துக்கிடக்கும் ஒரு பாக்டீரியா, அறை வெப்பத்தில் நேரம் ஆக ஆக விஷத்தை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள், ஒரு தடவைதான் சூடாக்கலாம். அதைவிட எளிது, சின்ன ரைஸ் குக்கர் ஒன்று வாங்கி அன்றன்றைக்கு அரை டம்ளர் வடிப்பது. கோட்டைக் கழற்றி, முகம் கழுவி, குளித்து வருவதற்குள் வெந்துவிடும்.

நம் பண்டங்களையும் சொல்லியாக வேண்டும். பர்கரை விட்டுவிட்டேன் என்று சொல்பவரின் அலமாரியில் மிக்சர், முறுக்கு, உறைந்த பரோட்டா, உறைந்த சமோசா வரிசையாக இருக்கும். ஊர் நினைப்பில் வாங்குவது, எனக்குப் புரிகிறது. ஆனால் உடம்புக்கு அது ஊர்ப் பண்டமா வெளிநாட்டுப் பண்டமா என்று தெரியாது. வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, அவித்த சுண்டல், வாழைப்பழம் ஆகியவற்றைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். மிக்சர் வாங்கினால் சின்ன பாக்கெட்டாக வாங்கி, கிண்ணத்தில் கொட்டிச் சாப்பிடுங்கள். பையோடு மடியில் வைத்துக்கொண்டு படம் பார்க்காதீர்கள்.

சிக்கன் கடையை அடியோடு விடச் சொல்லவில்லை. சனிக்கிழமை நண்பர்களோடு போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தனியாக, களைத்துப்போய், போனைப் பார்த்தபடி விழுங்கும் வார நாள் சாப்பாட்டைத்தான் விட வேண்டும். ஆர்டர் செய்யும் ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பதினாறு இலக்கம் தட்ட வேண்டும் என்றால் பாதி நாள் அலுப்பிலேயே விட்டுவிடுவீர்கள். வீட்டில் நாலு பேர் இருந்தால் முறைவைத்துச் சமையுங்கள். இதை நான் மிகவும் நம்புகிறேன். ஒருத்தருக்காகச் சமைக்கும்போது வராத பொறுப்பு நாலு பேருக்கு என்றால் வரும், பேசிக்கொண்டு சாப்பிடும்போது மனமும் ஆறும். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தவே முடியவில்லை, சாப்பிட்டபின் குற்ற உணர்ச்சியில் தவிக்கிறேன் என்ற நிலையில் இருந்தால் அது வேறு விஷயம், தயங்காமல் ஜி.பி-யிடம் பேசுங்கள்.

வாசகர்கள் கேட்டிருந்த சில கேள்விகளுக்கு:

கேர் ஹோமில் (முதியோரைப் பராமரிக்கும் இல்லம்) இரவு ஷிஃப்ட் பார்க்கும், ராத்திரி என்ன சாப்பிடுவது என்று கேட்ட தங்கைக்கு: கிளம்பும் முன் வயிறார உண்மையான சாப்பாடு சாப்பிட்டுவிடுங்கள். நடுராத்திரிக்குக் கனமாக வேண்டாம், பிளாஸ்கில் ரசமோ பருப்பு சூப்போ, கூடவே இரண்டு அவித்த முட்டை போதும். விடிகாலை மூன்று மணிக்குப் பிஸ்கட் மெஷின் கூப்பிடும். அந்த நேரத்துக்கென்றே ஒரு பழமும் ஒரு பிடி கடலையும் பையில் இருக்கட்டும். பகலெல்லாம் தூங்கி வெயிலே படாதவர்கள் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இது எல்லாருக்கும் சொல்லப்படுவது. நம் நிறத் தோலுக்கு வருடம் முழுக்கவே யோசிக்கச் சொல்கிறார்கள்.

தாளித்தால் புகை அலாரம் அடிக்கிறது என்ற தம்பிக்கு: அலாரத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. எக்ஸாஸ்ட் ஃபேனைத் தாளிப்பதற்கு முன்பே போட்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். எண்ணெய் புகையும்வரை காயவிடாமல் நடுத்தரச் சூட்டில் கடுகைப் போட்டு உடனே மூடுங்கள். ஞாயிற்றுக்கிழமையே ஒரு சின்னப் பாட்டிலில் மொத்தமாகத் தாளித்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு கரண்டியாகச் சேர்ப்பவர்களும் உண்டு.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் என்ன சாப்பாடு என்று கேட்ட அம்மாவுக்கு: லண்டன் அரசு ஆரம்பப் பள்ளிகளில் 2023 செப்டம்பரிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். அதில் காயும் பழமும் இருக்கும், சேர்த்துவிடுங்கள். டிபன் கட்டுவதென்றால் கிரிஸ்ப்ஸைத் திடீரென்று நிறுத்தினால் வகுப்பில் மற்ற பிள்ளைகளைப் பார்த்து ஏங்கும். வாரத்தில் ஒருநாள் என்று வைத்துக்கொண்டு, மற்ற நாளில் பாப்கார்ன், வெள்ளரித் துண்டு, குழிப்பணியாரம் என்று மாற்றுங்கள். பள்ளி விட்டதும் பிள்ளை பசியோடு ஓடிவரும். அந்த நேரத்துக்கு ஒரு முட்டை தோசை தயாராக இருந்தால் வழியிலுள்ள கடையைக் கேட்காது.

மாவு பொங்கவில்லை என்றவர்களுக்கு: உப்புச் சேர்த்துக் கையால் நன்றாகக் கலந்து, ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். பாய்லர் இருக்கும் அலமாரியும் நல்ல இடம். காலையில் பொங்கியிருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், வழிந்தால் ஓவனைத் துடைப்பது பெரும்பாடு. ஊர் மிக்சியைத் தாராளமாகக் கொண்டுவரலாம், இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். இட்லிகளை அவித்து ஆறியதும் ஃப்ரீசரில் போட்டு வைத்தால், நனைத்த டிஷ்யூவால் மூடி மைக்ரோவேவில் ஆவி பறக்கும்வரை சூடாக்கிக்கொள்ளலாம். காலையில் கடையில் கிராய்சான் (வெண்ணெய் ரொட்டி) வாங்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை.