கெல்லி கோட்டை: தனியா போனவங்க எழுதுங்க

ரப்பர் காட்டான்
மலேசியாவில் பேராக் மாநிலம், பத்து காஜா பக்கம் இருக்கிற இந்தக் கோட்டைன்னாலே எல்லாரும் பேய்க் கதைதான் எழுதறீங்க. லிப்டுக்குன்னு விட்ட குழியைப் பத்தி ஒருத்தரும் எழுதலையே? கோபுரத்துக்கு ஆறு மாடி திட்டம். 1915-ல் ஆரம்பிச்ச வேலை, 1926-ல் இதைக் கட்டின ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் துரை லிஸ்பனில் நிமோனியா வந்து செத்ததும் அப்படியே நின்னுபோச்சு. குழி ஓரமா நின்னு அண்ணாந்து பார்த்தாத்தான் அந்த வீடு எவ்வளவு அரைகுறைன்னு புரியும். போட்டோவில் அழகான அரண்மனை மாதிரி ஏமாத்தும்.

பத்து காஜா அக்கா
குழி இருக்கட்டும் தம்பி, மொட்டைமாடியைச் சொல்லாம விட்டுட்டீங்களே. சுவர் தாழ்வான இடத்தில் ஓரமா நின்னு செல்பி எடுக்கிறவங்களைப் பார்த்தாலே வயித்தைக் கலக்கும்.

தனியா போறவங்களுக்குச் சில விஷயம். காலையிலேயே போயிடுங்க. இந்தக் கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் மதியத்துக்கு மேல இடி மழை பிடிச்சுக்கும். பூச்சு இல்லாத செங்கல் ஈரத்தை உறிஞ்சி பாசி பிடிக்கும், அந்தப் படியில் ரப்பர் செருப்பு வழுக்கும். பிடிப்பான சப்பாத்து போடுங்க. மாடிப்படி குறுகல், எதிரே ஆள் வந்தா ஒதுங்கி நிக்கணும். கீழ்த்தள அறை இருட்டு, கைப்பேசியில் சார்ஜ் வெச்சிருங்க. டிக்கெட் எடுக்க மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) கையில் இருக்கட்டும், நம்ம ஆளுங்களுக்கு விலை குறைவு. பத்து காஜாவுக்கு ஈடிஎஸ் மின்சார ரயில் இருக்கு, ஸ்டேஷனிலிருந்து கிராப் வாடகைக் கார் பிடிக்கலாம். திரும்புறதுதான் வம்பு. இறங்கும்போதே அதே டிரைவர்கிட்ட நேரம் பேசிக்குங்க. கோட்டையைச் சுத்த ஒன்றரை மணி நேரம் போதும். பின்னாடி இருக்கிற பழைய பங்களா இடிபாட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன். அதை முக்கால்வாசிப் பேர் பார்க்காமலே திரும்பிடறாங்க.

லயத்துப் பேரன்
அக்கா, இவ்வளவு சொல்லிட்டு மாரியம்மன் கோயிலை விட்டுட்டீங்களே! கோட்டையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்தான். கட்டுமானம் நடக்கும்போதே ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து நம்ம தொழிலாளிங்க நிறைய பேர் செத்தாங்க. மிஞ்சினவங்க கோயில் வேணும்னு கேட்டாங்க, துரை ஒத்துக்கிட்டார். அதுக்கு நன்றியா கூரை மேலே, சாமி சிலைங்களோட வரிசையில், வெள்ளை உடுப்பும் தொப்பியுமா துரைக்கும் ஒரு சிலை. உள்ளே போய்த் தேடாதீங்க, வெளியே நின்னு கூரையைப் பார்க்கணும். மதியம் நடை சாத்தியிருந்தாலும் தெரியும்.

ரப்பர் காட்டான்
துரை பெரிய மனசுன்னு முடிச்சுடாதீங்க. செங்கல் சுமந்தது மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்த நம்ம சனம். ஆளுங்க செத்துக்கிட்டே இருந்தா வேலை எப்படி நடக்கும்? கோயில் கட்டிக் கொடுத்ததில் அவருக்கும் கணக்கு இருந்திருக்கும்.

லயத்துப் பேரன்
இருக்கட்டுமே, நான் இல்லைன்னேனா? ஆனா சிலையை மேலே ஏத்தினது அவரில்லை, நம்ம ஆளுங்க. அதை எந்தக் கணக்கில் எழுதுவீங்க?

ஈப்போக்காரன்
சண்டையை நிறுத்துங்கண்ணே. கட்டடத்துக்காகப் போறவங்க வர்ற வழியில் ஈப்போ ரயில் நிலையத்தையும் பாருங்க. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைச்சது, கும்மட்டமெல்லாம் முழுசா முடிஞ்சது. அதைப் பார்த்துட்டு கோட்டைக்குப் போனா, பூச்சு வேலை எங்கெங்கே பாக்கின்னு நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

புதுசு
கோட்டையிலிருந்து கோயிலுக்கு நடந்து போகலாமா?

பத்து காஜா அக்கா
தூரம் கம்மிதான் கண்ணு, ஆனா வெயிலில் ரோட்டோரம் வேணாம். டிரைவரைக் கோயிலில் முதல்ல நிறுத்தச் சொல்லு, அப்புறம் கோட்டை.