தமிழ்நாட்டில் பெண்களின் வேலைப் பங்கேற்பு: மாவட்ட வாரியான தரவில் எதை நம்பலாம்?

வைகைக்கரை

வணக்கம். பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு. 2011க்குப் பிறகு தமிழ்நாட்டில் பெண்களின் வேலைப் பங்கேற்பு மாவட்டத்துக்கு மாவட்டம் எப்படி மாறியிருக்கிறது என்பதுதான் தலைப்பு. கையில் இருப்பவை மூன்று: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகள், தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப் பெண்கள் கோப்பு, 2017-18 முதல் 2023-24 வரையிலான பி.எல்.எஃப்.எஸ். (காலமுறைத் தொழிலாளர் படை ஆய்வு) தனிநபர் கோப்புகள்.

ஒரே மாவட்டத்துக்கு மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. சில மாவட்டங்களில் வித்தியாசம் 15 புள்ளிக்கும் மேல். எதை எடுப்பது? 2011இல் 32 மாவட்டம், இப்போது 38. இதை எப்படிச் சரிக்கட்டுவது? பி.எல்.எஃப்.எஸ். எடையைப் போடும் முறையையும் யாராவது விளக்கினால் பெரிய உதவி.

மாதிரிக்கூறு

முதலில் குடும்ப நல ஆய்வைத் தள்ளி வையுங்கள். அந்த ஆய்வில் மாவட்ட அளவுக் கேள்விகள் வேறு, மாநில அளவுக் கேள்விகள் வேறு. குழந்தை ஊட்டச்சத்து, தடுப்பூசி, பிரசவம் போன்றவை எல்லாக் குடும்பங்களிலும் கேட்கப்பட்டன. பெண்களின் வேலை, குடும்ப வன்முறை, ஆண்களுக்கான நேர்காணல் ஆகியவை சுமார் 15 சதவீதக் குடும்பங்களில் மட்டும். அந்தத் துணை மாதிரி மாநில அளவில் ஒரு எண் சொல்லத்தான் வடிவமைக்கப்பட்டது. ஆனால் கோப்பில் மாவட்டக் குறியீடு எல்லா வரியிலும் இருக்கும். 'மாவட்ட வாரியாகச் சராசரி எடு' என்றால் மென்பொருள் மறுக்காமல் 32 எண்களைக் கொடுத்துவிடும். உங்களுக்கு வந்த 15 புள்ளி வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

எவ்வளவு ஆட்டம் காணும் என்று கையாலேயே கணக்கிடலாம். ஒரு மாவட்டத்தில் 200 பெண்களிடம் கேட்டு 40 சதவீதம் பேர் வேலை செய்கிறார்கள் என்று வந்ததாக வையுங்கள். கொத்து மாதிரி (ஒரே இடத்தில் பலரைக் கேட்பது) என்பதால் பிழை கூடும்; அதற்கான பெருக்கமான வடிவமைப்பு விளைவை 2 என்று எடுத்துக்கொள்வோம். 0.4 × 0.6 ÷ 200 × 2 = 0.0024. வர்க்கமூலம் 0.049. 95 சதவீத நம்பக இடைவெளி ஏறத்தாழ 30 முதல் 50 வரை. இதை வைத்து மாவட்டங்களுக்குத் தரவரிசை போட முடியாது.

அந்த ஆய்வின் மாவட்ட உண்மைத்தாள்களிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். அடைப்புக்குறிக்குள் உள்ள எண் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்தது. உடுக்குறி இருந்தால் 25 பேருக்கும் குறைவு என்பதால் எண்ணையே வெளியிடவில்லை. உங்கள் சொந்தக் கணக்கீட்டுக்கும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். எடையிடாத எண்ணிக்கையை (உண்மையில் கேட்கப்பட்ட ஆட்கள்) ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள்.

மற்ற இரண்டும் ஒத்துப்போகாததற்குக் காரணம் வரையறை. கணக்கெடுப்பில் முந்தைய 12 மாதத்தில் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைவாகச் செய்தவர் குறுகியகாலத் தொழிலாளர். பி.எல்.எஃப்.எஸ்.ஸில் இரண்டு அளவுகோல். 'வழக்கமான நிலை' என்பது 365 நாளைப் பார்க்கும்; அதில் 30 நாளோ அதற்கு மேலோ செய்த துணைத் தொழிலும் சேரும். 'நடப்பு வார நிலை' என்பது கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்று பார்க்கும். வீட்டு வேலையே முதன்மை என்று சொல்லிவிட்டு, இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மை நிலையை மட்டும் பார்த்தால் அவர் 92 அல்லது 93 என்ற குறியீட்டில் தொழிலாளர் படைக்கு வெளியே போய்விடுவார். துணை நிலையையும் சேர்த்தால் உள்ளே வருவார். மாடு வளர்ப்பு அதிகமுள்ள மாவட்டங்களில் இந்த ஒரே முடிவு எண்ணைக் கணிசமாக நகர்த்தும்.

இன்னொன்று வகுக்கும் எண். கணக்கெடுப்பின் வேலைப் பங்கேற்பு விகிதம் குழந்தைகளையும் சேர்த்து மொத்த மக்கள்தொகையால் வகுத்தது. 2011இல் இந்தியப் பெண்களுக்கு 25.5 சதவீதம் என்று வருவது அப்படித்தான். பி.எல்.எஃப்.எஸ்.ஸில் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுவது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான எண்; அதுவும் வேலை தேடுவோரைச் சேர்த்த தொழிலாளர் படை விகிதம். இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்தால் இல்லாத ஒரு வளர்ச்சி தெரியும். கணக்கெடுப்பின் பி-1 அட்டவணையில் வயது வாரியாக இருக்கிறது. அதிலிருந்து 15 வயதுக்கு மேற்பட்டோரை நீங்களே கூட்டி எடுங்கள்; பி.எல்.எஃப்.எஸ். பக்கம் வேலை செய்வோர் விகிதத்தை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். அப்போதும் கேள்வித்தாள் வேறு, நேர்காணல் ஆழம் வேறு என்பதை ஆய்வேட்டில் எழுதியாக வேண்டும்.

எல்லைக்கல்

மாவட்ட எல்லை பற்றி.

2019இல் கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்தும், தென்காசி திருநெல்வேலியிலிருந்தும், செங்கல்பட்டு காஞ்சிபுரத்திலிருந்தும், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் இரண்டும் வேலூரிலிருந்தும் பிரிந்தன. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. இவை எல்லாம் ஒரு தாயிலிருந்து பிரிந்தவை. புதியவற்றைத் தாய் மாவட்டத்தோடு திரும்பக் கூட்டினால் 2011 எல்லை கிடைக்கும். சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பிறகு வகுங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது சென்னை. 2018 ஜனவரியில் சென்னை மாவட்டம் 176 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ. ஆனது. அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் போன்ற பகுதிகள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களிலிருந்து உள்ளே வந்தன. இது பிரிவினை அல்ல, எல்லை நகர்வு. ஆகவே 2011இன் 46,46,732 பேர் கொண்ட சென்னையும் இன்றைய சென்னையும் பெயரில் மட்டுமே ஒன்று. வட்ட அளவுத் தரவு இல்லையென்றால் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கையும் ஒரே அலகாக வையுங்கள். அப்படிச் செய்தால் உங்களுக்கு 30 அலகுகள் வரும். அந்த 30ஐ வைத்து ஆய்வை நடத்தலாம். 2001 கணக்கெடுப்பு வரை பின்னோக்கிப் போவதாக இருந்தால் கோவை, ஈரோடு, திருப்பூர் மூன்றையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் 2009இல் திருப்பூர் அந்த இரண்டிலிருந்தும் நிலம் எடுத்து உருவானது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒன்று. ஒவ்வொரு புது மாவட்டத்தின் அரசாணையிலும் வட்டப் பட்டியல் இருக்கும். சேர்ப்பதற்கு முன் அதோடு ஒத்துப் பாருங்கள்.

குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று நடந்தது 2019-21 என்றாலும், 2017 மார்ச் 31 நிலவரப்படியான மாவட்டங்களைத்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே அதிலும் 32தான். அதில் வரும் சென்னை பழைய சென்னை.

கோப்புகளை இணைக்கும்போது பெயரை வைத்து இணைக்காதீர்கள். காஞ்சிபுரம், விழுப்புரம், தூத்துக்குடி மூன்றுக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல் கோப்புக்குக் கோப்பு மாறும். இணையாத வரி சத்தமில்லாமல் காணாமல் போகும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடு 33, மாவட்டங்கள் 602 முதல் 633 வரை. பி.எல்.எஃப்.எஸ்.ஸில் மாநிலத்துக்குள் தனி வரிசை. அந்தந்த ஆண்டுக் கோப்போடு வரும் குறியீட்டுப் பட்டியலைப் பார்த்து ஒரு பொருத்த அட்டவணை தயாரியுங்கள். வட்டக் குறியீடுகள் சுழியத்தில் தொடங்கும் ஐந்து இலக்கங்கள். எக்செலில் நேரடியாகத் திறந்தால் முன் சுழியம் போய்விடும். எழுத்து வடிவ நெடுவரிசையாக இறக்குமதி செய்யுங்கள்.

வைகைக்கரை

மிக்க நன்றி. 30 அலகு யோசனை நன்றாக இருக்கிறது. பி.எல்.எஃப்.எஸ். 2023-24ஐ இப்போது ஓட்டிப் பார்த்தேன். 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களின் தொழிலாளர் படை விகிதம் 41.7 என்று அறிக்கையில் இருக்கிறது. எனக்கு அதைவிடக் குறைவாக வருகிறது. இரண்டு தனிநபர் கோப்புகளையும் சேர்த்துத்தான் ஓட்டினேன்.

மாதிரிக்கூறு

சேர்த்ததுதான் பிழை. முதல் வருகைக் கோப்பு ஒன்று, மறுவருகைக் கோப்பு ஒன்று. அந்த ஆண்டுகளில் நகர்ப்புறத்தில் அதே வீட்டுக்கு அடுத்தடுத்த காலாண்டுகளில் திரும்பப் போனார்கள். அது நகர்ப்புறக் காலாண்டு மதிப்பீடுகளுக்கானது. ஊரகத்துக்கு அந்த ஆண்டுகளில் ஒரே வருகை. இரண்டையும் சேர்த்தால் நகரம் பலமுறை எண்ணப்படும். பெண்களின் பங்கேற்பு நகரத்தில் குறைவு என்பதால் எண் கீழே இறங்கும். ஆண்டு மதிப்பீட்டுக்கு முதல் வருகைக் கோப்பு மட்டும் போதும்.

எடை: ஒவ்வொரு வரியிலும் பெருக்கி (அந்த வரி எத்தனை பேருக்கு நிகர் என்பதற்கான எண்), என்எஸ்எஸ் (ஒரு துணை மாதிரியில் ஆய்வான இடங்கள்), என்எஸ்சி (இரண்டு துணை மாதிரியும் சேர்த்து), காலாண்டு எண்ணிக்கை என நான்கு புலங்கள் இருக்கும். என்எஸ்எஸ், என்எஸ்சி இரண்டும் சமமாக இருந்தால் பெருக்கியை 100ஆல் வகுக்கவும், சமமில்லையென்றால் 200ஆல். பிறகு காலாண்டு எண்ணிக்கையாலும் வகுக்கவும். எல்லாவற்றையும் 100ஆல் வகுத்துவிட்டு 'சதவீதம்தானே, மாறாது' என்று விடுவது தவறு. இரண்டு துணை மாதிரியும் உள்ள இடங்கள் இரட்டிப்பு எடை பெறும், ஒன்று மட்டும் உள்ள இடங்கள் பெறாது, சதவீதமும் மாறும்.

குறியீடு: முதன்மை நிலை 11 முதல் 51 வரை (வேலை செய்வோர்) அல்லது 81 (வேலையில்லாதோர்), இல்லையென்றால் துணை நிலை 11 முதல் 51 வரை. இதுவே வழக்கமான நிலையில் தொழிலாளர் படை. 81ஐ விட்டால் அது வேலை செய்வோர் விகிதம். வார நிலைக்கு மாறினால் 61, 62, 71, 72 ஆகியவையும் வேலையில் இருப்போர்தான்: வேலை உண்டு, அந்த வாரம் போகவில்லை.

41.7 ஒரு தசமம் வரை பொருந்தும் வரை தமிழ்நாட்டுக் கணக்கைத் தொடாதீர்கள். பிறகு அறிக்கையின் பின்னிணைப்பில் உள்ள தமிழ்நாட்டு எண்ணை, ஊரகம், நகரம் தனித்தனியாக, திரும்ப எடுத்துக் காட்டுங்கள். அதுவும் பொருந்திய பின்தான் உங்கள் சொந்தப் பிரிவுகளுக்குப் போக வேண்டும்.

பி.எல்.எஃப்.எஸ்.ஸிலிருந்து மாவட்ட எண் எடுப்பதை 2024 வரையிலான கோப்புகளில் நான் பரிந்துரைக்கமாட்டேன். என்.எஸ்.எஸ். (தேசிய மாதிரி ஆய்வு) தமிழ்நாட்டை நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கிறது: வடகடலோரம், கடலோரம், தெற்கு, உள்நாடு. மூன்று ஆண்டுக் கோப்புகளை ஒன்றாக்கி, இந்த நான்கிலும் ஊரகம், நகரம் என்று எட்டுப் பிரிவாக எடுத்தால் தாங்கும். எடையை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் மொத்த எண்ணிக்கை வேண்டுமென்றால் ஆய்வின் கூட்டுத்தொகையை நேரடியாகப் போடாதீர்கள். அது உண்மை மக்கள்தொகையைவிடக் குறைவாக வரும். விகிதத்தை மட்டும் ஆய்விலிருந்து எடுத்து, 2011-2036க்கான அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணிப்பால் பெருக்குங்கள்.

2025 ஜனவரியிலிருந்து வடிவமைப்பு மாறிவிட்டது. குடும்பங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.02 லட்சத்திலிருந்து 2.72 லட்சமானது, மாவட்டம் அடிப்படை அலகாக வந்திருக்கிறது, ஆண்டு ஜூலை-ஜூன் என்பது போய் ஜனவரி-டிசம்பர் ஆனது. மாவட்ட ஆய்வுக்கு இது நல்ல செய்தி. ஆனால் பழைய தொடரோடு ஒட்ட வைத்து ஒரே கோடாக வரையக்கூடாது. இடையில் வெட்டுக்கோடு போடுங்கள். 2023-24ஐயும் 2024 நாட்காட்டி ஆண்டையும் அடுத்தடுத்த புள்ளிகளாக வைப்பதும் தவறு. ஆறு மாதம் இரண்டிலும் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி

மேற்கோள் பற்றி ஆய்வு வழிகாட்டிகள் போதுமான அளவு கண்டிப்பதில்லை என்பது என் கருத்து. 'மூலம்: இந்திய அரசு' என்பது மூலமே அல்ல. அட்டவணை எண், ஆண்டு, தற்காலிகமா இறுதியா, இறக்கிய தேதி ஆகிய நான்கும் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு எழுத்தறிவு தற்காலிக எண் 80.33, இறுதி எண் 80.09. தற்காலிக எண் இன்றும் பாடநூல்களிலும் இணையத்திலும் உலவுகிறது. யாராவது 0-6 வயதுப் பாலின விகிதம் 946 என்று எழுதியிருந்தால் அதுவும் தற்காலிகம், இறுதி 943.

நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணைய அறிக்கைகளை மாவட்டத் தரவாக எடுக்க நினைத்தால்: அங்கே வழக்கமாக மேற்கோள் காட்டப்படும் பெண்கள் பங்கு மனித நாட்களில் கணக்கிட்டது, ஆட்களின் எண்ணிக்கையில் அல்ல. பழைய ஆண்டுகளின் பதிவுகளும் பின்னர் திருத்தப்படும். அதனால் பக்கத்தை அன்றே சேமித்து, தேதியைக் கோப்புப் பெயரில் எழுதுங்கள்.

சேமிப்பது எல்லா மூலத்துக்கும் பொருந்தும். குடும்ப நல ஆய்வின் தனிநபர் கோப்புகளை வழங்கிவந்த டி.எச்.எஸ். (மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வுகள்) திட்டத்துக்கு 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றபோது புதுப் பதிவுகள் தடைபட்டன. மூலக் கோப்பை 'தொடாதே' என்று ஒரு தனி அடைவில் வைத்து, எல்லாத் திருத்தமும் நிரல் வழியாகவே நடக்கட்டும். கேள்வித்தாள், குறியீட்டுப் பட்டியல், கள அலுவலர் கையேடு மூன்றையும் கூடவே வையுங்கள். 93 என்றால் என்ன என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

வைகைக்கரை

41.7 வந்துவிட்டது! முதல் வருகைக் கோப்பு மட்டும், 100/200 விதி. கடைசியாக ஒன்று: 2017-18இல் 23.3 இருந்தது 41.7 ஆனதை 'பெண்களுக்கு வேலை பெருகியது' என்று எழுதலாமா?

மாதிரிக்கூறு

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எழுதாதீர்கள். அதே காலத்தில் வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் செய்வோர் பங்கு 51.9 சதவீதத்திலிருந்து 67.4 ஆகியிருக்கிறது. சுயதொழிலுக்குள் 21 என்ற குறியீட்டைத் தனியாகப் பிரியுங்கள்: அது குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுவோர். 31 என்பது மாதச் சம்பளம் போன்ற முறையான ஊதியம் பெறுவோர். தமிழ்நாட்டின் நான்கு வட்டாரங்களுக்கும் 11 (சொந்தத் தொழில்), 21, 31, 51 (தற்காலிகக் கூலி வேலை) ஆகிய நான்கையும் தனித்தனியாக, வழக்கமான நிலைக்கு ஒருமுறை, வார நிலைக்கு ஒருமுறை எடுங்கள். வார நிலைக்கு 61, 62ஐச் சுயதொழிலோடும் 71, 72ஐச் சம்பள வேலையோடும் சேர்த்துக்கொள்ளுங்கள். 31 உயர்ந்த வட்டாரமும் 21 மட்டும் உயர்ந்த வட்டாரமும் உங்கள் ஆய்வேட்டில் வெவ்வேறு அத்தியாயங்களாக வர வேண்டும்.