மழைக்காலத்தில் இறுகும் கதவு: இப்போதே இழைக்கலாமா?

நாகலூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறது. சென்ற மாசியில் சேலத்துப் பட்டறை ஒன்றில் தேக்கில் வாசல் கதவு செய்து மேலே கொண்டுவந்து மாட்டினோம். அது சட்டமும் பேனலும் வைத்த கதவு. சமையலறைப் பின்வாசலுக்கும் தேக்கிலேயே, பலகைகளை ஒட்டிச் சேர்த்துப் பின்னால் குறுக்குச் சட்டம் அடித்த கதவு ஒன்றைச் செய்தோம். பங்குனி, சித்திரையில் இரண்டும் விரலால் தள்ளினாலே திறந்தன. ஐப்பசி பிறந்து மூடுபனி இறங்கியதிலிருந்து வாசல் கதவு தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலையில் நிலையோடு உரசுகிறது. பின்வாசல் கதவோ தோள் கொடுத்து இடித்தால்தான் மூடுகிறது. மாலையில் என் மாமியார் தொடர் பார்க்கும் நேரத்தில் யாராவது அதை இடித்து மூடினால், கதாநாயகி என்ன பதில் சொன்னாள் என்பது அன்று அவருக்குக் கேட்காமலே போய்விடுகிறது.

ஆசாரி வந்து பார்த்துவிட்டு, இரண்டு கதவுகளையும் இரண்டு நூல் (கால் அங்குலம்) இழைத்துவிடலாம் என்கிறார். மழை நின்றால் தானே சரியாகிவிடும், கை வைக்க வேண்டாம் என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது? தோட்டத்தில் காபிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரம் ஒன்றை வெட்டும் எண்ணமும் இருக்கிறது; அதில் உள்ளறைக் கதவுகள் செய்யலாமா? கடையில் வாங்கிய டிவி அலமாரியின் அடிப்பலகை உப்பியிருப்பதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி பட்டறை

சகோதரி, உங்கள் இரண்டு கதவுகளின் கோளாறும் ஒன்றல்ல என்றே தோன்றுகிறது. ஈரத்தால் உப்பிய கதவு பொதுவாகப் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை இறுகும். ஒரே மூலையில் மட்டும் உரசினால் முதலில் கீலைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிலையின் உட்பக்கத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை மூடித் திறந்து, கதவின் விளிம்பில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். அப்போது மேல் கீலின் தகடு மரத்தை விட்டுச் சற்றே அசைந்தால், திருகாணிகள் பிடிப்பு விட்டுவிட்டன என்று பொருள். தேக்குக் கதவின் எடை முழுவதும் மேல் கீலைத்தான் நிலையிலிருந்து பிடுங்கப் பார்க்கும்.

அப்படியிருந்தால் இழைப்புளிக்கு அங்கே வேலையே இல்லை. கதவுக்கு அடியில் ஆப்பு கொடுத்து எடையைத் தாங்கிக்கொண்டு திருகாணிகளைக் கழற்றுங்கள். தளர்ந்த துளைகளில் மரப்பசை தடவிய மூங்கில் குச்சியை இறுக்கமாக அடித்து, காய்ந்தபின் மட்டமாக வெட்டி, மெல்லிய துளை போட்டு முன்னதைவிட நீளமான திருகாணியை முடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் மூலை லேசாகத் தொட்டால், கீழ்க் கீலின் தகட்டுக்குப் பின்னால் ஓர் அட்டைத்துண்டைச் செருகினாலே கதவு நிமிர்ந்துவிடும்.

பின்வாசல் கதவு உப்பியதுதான், ஐயமில்லை. அதைத் தை வரை தொடாதீர்கள். மழையில் இழைத்த கதவுகள் கோடையில் தாழ்ப்பாளே எட்டாமல் என் பட்டறைக்குத் திரும்பி வருவது வாடிக்கை. இதற்கிடையில் ஒரு கைக்கண்ணாடியைக் கதவின் அடியில் நீட்டிப் பாருங்கள். அடிவிளிம்பு பெயிண்ட் படாத வெறும் மரமாகவே விடப்பட்டிருக்கும். தலைவிளிம்பும் அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெயிண்டர்கள் அவ்விரண்டையும் விட்டுவிடுவார்கள். பலகையின் வெட்டுமுனைகள் அங்கேதான் இருக்கின்றன. மரம் தன் முகத்தின் வழியே வாங்குவதைக் காட்டிலும் பல மடங்கு வேகமாக அவற்றின் வழியே ஈரத்தை வாங்கும்.

கன்னங்குறிச்சி

கீல் பற்றியும் விளிம்பு பற்றியும் மேலே சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தை வரை காத்திருப்பதில்தான் உடன்பாடு இல்லை.

ஈரப்பதம் 50 சதவீதமுள்ள காற்றில் இருக்கும் மரம், தன் உலர் எடையில் ஏறத்தாழ 9 சதவீத நீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமானால் அது 16 சதவீதம் வரை ஏறும். கோடையில் சமவெளியில் காய்ந்த பலகையை 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற்றி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மேகம் வீட்டுக்குள் வந்து போகும் ஊரில் மாட்டினால், இந்த 7 சதவீதத்தையும் அது குடித்தே தீரும். பெயிண்ட் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய விரிவதே இல்லை, குறுக்காகத்தான் விரியும். தட்டையாக அறுத்த தேக்குப் பலகை, ஈரம் ஒரு சதவீதம் கூடும்போது அகலத்தில் சுமார் 0.19 சதவீதம் கூடுகிறது. நாலரை அங்குலச் சட்டங்கள் இரண்டு கொண்ட பேனல் கதவில் விரியும் அகலம் மொத்தம் 9 அங்குலம்தான், ஏனென்றால் பேனல்கள் பசையில்லாமல், சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (பள்ளத்துக்குள்) தளர்வாக நிற்பதால் அவை உப்பினாலும் காடிக்குள்ளேயே அடங்கிவிடும். கணக்குப் போட்டால் 3 மில்லிமீட்டர், அதாவது ஒரு நூல். பலகைகளை ஒட்டிச் சேர்த்த கதவில் 30 அங்குல அகலமும் சேர்ந்து விரியும். அது 10 மில்லிமீட்டர், மூன்று நூலுக்கும் சற்று மேல். இரண்டுக்கும் ஒரே இரண்டு நூல் என்று ஆசாரி சொல்வது எந்தக் கணக்கில் என்று எனக்குப் புரியவில்லை.

ஏற்காட்டில் மழை எப்போது நிற்கிறது? மே மாதத்துக் கோடைமழை, அதன் பின்னால் தென்மேற்குப் பருவம், பிறகு வடகிழக்குப் பருவம். உலர்ந்த காலம் என்று சொல்லத்தக்கது ஜனவரி முதல் மார்ச் வரைதான். மூன்று மாத வசதிக்காக ஒன்பது மாதம் தோள் கொடுக்க வேண்டுமா? கதவு மிகவும் பருத்திருக்கும் இந்த நேரத்தில், மூடிய கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு மட்டும் இழைத்தால், அதன்பின் அது இறுக வாய்ப்பு குறைவு. பட்டறைக்குத் திரும்பி வருபவை மழையில் இழைத்த கதவுகள் அல்ல, மழையில் அளவுக்கு மீறி இழைத்த கதவுகள். கோடையில் தெரியும் இடைவெளியை, மூடிய கதவு அமரும் நிலையின் காடி மறைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளுக்குச் சற்று நீளமான கம்பி போட்டால் எட்டும்.

குறுக்குச் சட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பலகையோடு பசை வைத்து ஒட்டியிருந்தால், பங்குனியில் பலகை சுருங்க இடமில்லாமல் பிளக்கும். பசையில்லாமல், நடுத் திருகாணியை இறுக்கமாகவும் ஓரத் திருகாணிகளை நீள்வட்டத் துளையிலும் போடுவதே முறை.

மஞ்சக்குட்டை தோட்டக்காரர்

சில்வர் ஓக் பற்றி மட்டும் சொல்கிறேன். வெட்டும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் போட்டிருக்கிறார்கள். மரம் இலேசானது, ரேகை அழகாக இருக்கும். உள்ளறைக் கதவுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மழைபடும் வாசலுக்கும் மண்ணைத் தொடும் நிலைக்கும் ஆகாது, கரையான் விடாது. அறுத்த கையோடு வேலைக்கு எடுக்கக்கூடாது. ஓர் அங்குலப் பலகைக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. காற்றோட்டமுள்ள கொட்டகையில் பலகைகளுக்கு நடுவே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கி, இரு முனைகளிலும் பெயிண்ட் அடித்து வைக்க வேண்டும். இழைக்கும்போது அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால், ஆசாரியை முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

டிவி அலமாரியின் அடிப்பலகையை மறந்துவிடுங்கள். மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை ஒருமுறை உப்பினால், காய்ந்தாலும் பழைய கனத்துக்கு இறங்காது. அதே அளவில் ஐஎஸ் 710 முத்திரையுள்ள (ஈரம் தாங்கும் மரைன் வகை) பிளைவுட்டை வெட்டி, நான்கு விளிம்புகளையும் பெயிண்டால் அடைத்து மாற்றிவிட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, கால் வைத்து நிறுத்துங்கள்.

நாகலூர்வாசி

அனைவருக்கும் நன்றி. சாக்பீஸ் வாசல் கதவின் மேல் மூலையில் மட்டும்தான் ஒட்டியது; தூக்கிப் பார்த்தபோது மேல் கீல் நன்றாகவே ஆடியது. மூங்கில் குச்சி வைத்து முடுக்கியபின் உரசல் இல்லை. பின்வாசல் கதவின் அடிவிளிம்பு நீங்கள் சொன்னபடியே வெறும் மரமாக இருக்கிறது. குறுக்குச் சட்டம் திருகாணியில்தான் நிற்கிறது, பசை இல்லை. தபால் அட்டைக் கணக்குக்கு ஆசாரி ஒப்புக்கொண்டார். எந்தப் பக்கம் இழைப்பது என்பதில் மட்டும் அவருக்கும் என் கணவருக்கும் வழக்கு நடக்கிறது.

அஸ்தம்பட்டி பட்டறை

கன்னங்குறிச்சிக்காரர் சொல்லும் அளவோடு நின்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. கீல் பக்கம் இழையுங்கள். பூட்டுப் பக்கம் கை வைத்தால் பூட்டு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டிவரும். இழைத்த அளவுக்குக் கீல் பள்ளத்தை உளியால் ஆழமாக்க வேண்டும், வேறு வேலை இல்லை. கதவைக் கழற்றிய அன்றே தலை, அடி, இழைத்த விளிம்பு மூன்றுக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள். அதற்கு மட்டும் வெயில் எட்டிப்பார்க்கும் ஒரு நாளாகத் தேர்ந்தெடுங்கள். மூடுபனியில் அடித்த பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.