கொல்லும் எண்ணம் இல்லாமல் குத்தினாலும் கொலை வழக்குதானா?

டீக்கடை பெஞ்ச்:
ஒரு சந்தேகம். கடைத்தெருவில் வாய்த்தகராறு, ஒருவர் கத்தியால் வயிற்றில் ஒரே ஒரு குத்து குத்துகிறார், மறுநாள் ஆஸ்பத்திரியில் ஆள் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கொல்ல நினைக்கவே இல்லை, பயமுறுத்தத்தான் குத்தினேன்" என்கிறார் குத்தியவர். கொல்லும் எண்ணம் இல்லாவிட்டால் 302 (கொலைக்கான பிரிவு) நிற்காது என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். சரியா? பேப்பரில் வேறு இப்போது 103 என்று போடுகிறார்கள்.

செஷன்ஸ் வக்கீல்:
முதலில் நம்பர். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, பழைய 302 இப்போது 103, பழைய 304 (கொலை ஆகாத மரணம் விளைவிக்கும் குற்றம்) இப்போது 105. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்ததற்கு இன்னமும் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (இ.பி.கோ.)தான். (புதுச் சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு, அதைக் கொண்டுபோய் கொலைக்குப் போட்டால் சிரிப்பார்கள்.)

உங்கள் நண்பர் பாதிதான் படித்திருக்கிறார். கொல்லும் எண்ணம் என்பது ஒரு வழி, அது ஒன்றே வழி இல்லை. குறிப்பிட்ட அந்தக் காயத்தை உண்டாக்க நினைத்தார், அந்தக் காயமும் இயல்பாகவே உயிரைப் பறிக்கப் போதுமானது என்றால் அதுவும் கொலைதான். 1958இல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதிலும் ஒரே குத்துதான், ஈட்டியால், வயிற்றில், குடல் வெளியே வந்துவிட்டது. தீர்ப்பு எழுதிய நீதிபதி விவியன் போஸ் பார்த்தது, அந்த இடத்தில் அந்தக் காயம் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டதா, இல்லை தவறிப் பட்டதா என்பதைத்தான். உயிர் போகும் அளவு காயமா என்பது டாக்டர் சாட்சியத்தை வைத்து முடிவாகும், குத்தியவர் மனசில் என்ன கணக்கு போட்டார் என்பதை வைத்து அல்ல.

லா காலேஜ் கடைசி பெஞ்ச்:
அதோடு விதிவிலக்கையும் பாருங்கள். முன்திட்டம் இல்லாத திடீர்ச் சண்டை, ஆத்திரத்தில் நடந்தது, அநியாயமாக வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை, கொடூரமாகவும் நடக்கவில்லை என்றால் 105க்கு இறங்கும். எதிராளி வெறுங்கையோடு நிற்க இவர் கத்தியை எடுத்தார் என்றால் கொஞ்சம் கஷ்டம். திடீர் ஆத்திரமூட்டல் என்பது வேறு விதிவிலக்கு, அதில் ஆறுவதற்கு நேரம் இருந்ததா என்று பார்ப்பார்கள். நானாவதி வழக்கில் (1961) கடற்படை அதிகாரியான அவர், வேறொருவருடன் தொடர்பு என்று மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு, குடும்பத்தை சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய் ரிவால்வர் வாங்கிக்கொண்டு போய் அந்த ஆளைச் சுட்டார். சுமார் மூன்று மணி நேர இடைவெளி, வாதம் எடுபடவில்லை, ஆயுள் தண்டனை உறுதியானது.

பழைய ஃபைல்:
எண்ணம் என்றதும் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தின் 1919 பழனி கவுண்டன் வழக்குதான் ஞாபகம் வருகிறது. மனைவியைக் கொழுவால் (ஏரின் இரும்பு முனை) தலையில் அடித்தார், மயங்கியவரை இறந்துவிட்டார் என்று நினைத்து, தற்கொலை போலக் காட்டத் தூக்கில் தொங்கவிட்டார், உயிர் போனது அந்தத் தூக்கில்தான். பிணம் என்று நம்பியவரிடம் கொல்லும் எண்ணம் எப்படி இருக்கும் என்று கொலைக்குற்றத்தை ஏற்கவில்லை, கொடுங்காயத்துக்குத்தான் தண்டனை. எனக்கு இன்னமும் அந்தத் தீர்ப்பு ஜீரணமாகவில்லை.

டீக்கடை பெஞ்ச்:
அப்போ தண்டனையில் எவ்வளவு வித்தியாசம்?

செஷன்ஸ் வக்கீல்:
103 என்றால் தூக்கு அல்லது ஆயுள், கூடவே அபராதம், இதற்குக் கீழே நீதிபதியால் இறங்க முடியாது. 105இல் எண்ணத்தோடு செய்தது என்றால் ஆயுள், அல்லது 5 முதல் 10 வருடம். சாகக்கூடும் என்று தெரிந்தும் செய்தது என்ற அளவில் நின்றால் 10 வருடம் வரை.