மறு: ‘சுருக்கத் தள்ளுபடி’ போதுமா?

ஐயா, வணக்கம்.

> விசாரணை இல்லாமலே வழக்கை முடிப்பதற்குச் ‘சுருக்கத் தள்ளுபடி’ போதாதா?

நாம் தொகுக்கும் சட்டச் சொற்பட்டியலுக்கு அது போதாது என்றே நினைக்கிறேன். ‘தள்ளுபடி’ என்றதும், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீதிபதி நம்பவில்லை என்றுதான் நம் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பினாங்கில் தொழிலாளர்களுக்கு நீதிமன்றக் கடிதங்களைப் படித்துச் சொல்லும்போது இதைப் பார்க்கிறேன். வக்கீல் வைக்க வசதியில்லாமல் தாமே மனு எழுதிப் போட்டவர், தன்னைப் பொய்யர் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாக நொந்துபோகிறார்.

நடந்தது அதுவல்ல. மலேசியாவின் 2012 நீதிமன்ற விதிகளில் 18ஆம் கட்டளை (Order), 19ஆம் விதி, விசாரணைக்கு முன்பே மனுவை நீக்குவதற்கு (striking out) நான்கு காரணங்களைத் தருகிறது. அவற்றில் முதலாவது, வழக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்பது. அதை மட்டும் சொல்லி எதிர்த்தரப்பு விண்ணப்பித்தால் சான்று எதையும் பார்க்கக்கூடாது. மனுவில் உள்ளது உண்மை என்றே வைத்துக்கொண்டு, அப்போதும் சட்டத்தில் வழி உண்டா என்று பார்க்க வேண்டும். தேறாது என்று வெட்டவெளிச்சமாகத் தெரியும் வழக்கை மட்டுமே இப்படி நீக்கலாம் என்று 1993இல் பண்டார் பில்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பாகுபாட்டு வழக்கில் இது இன்னும் கொடுமை. சமத்துவம் பற்றிய அரசமைப்பின் 8ஆவது விதி தனியார் முதலாளியைக் கட்டாது என்பது பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கின் (2005) முடிவு. அதை அறியாமல் ஒருவர் 8ஆவது விதியை மட்டும் நம்பித் தனியார் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டால், அவருக்கு நேர்ந்த அநீதி முழுக்க உண்மையாகவே இருந்தாலும் மனு நிற்காது. அவர் தட்டியது வேறு கதவு. 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்கீழ் தொழிலாளர் இலாகாவிடம் போகலாம். பொய்யன் என்று பெயர் வாங்கியதாக நினைப்பவர் அங்கே போவாரா?

அதனால் என் பரிந்துரை ‘முன்நீக்கம்’. விசாரணைக்கு முன்பே நீக்கியது என்பது சொல்லிலேயே இருக்கிறது. மலாய்க் கடிதங்களில் வரும் ‘பெம்பாத்தாலான்’ என்பதை ஒட்டி ‘ரத்து’ எனலாம்தான். ஆனால் ரத்து என்றால் ஏற்கெனவே செல்லுபடியான ஒன்றை எடுத்துவிடுவது. ‘சுருக்க’ என்ற அடை, பிரதிவாதியிடம் தக்க எதிர்வாதம் இல்லாதபோது விசாரணையின்றி வாதிக்குத் தரும் 14ஆம் கட்டளையின் ‘சுருக்கத் தீர்ப்பு’க்கே (summary judgment) இருக்கட்டும்.

அப்புறம், தாமே வாதாடுபவருக்குப் பட்டியலில் வந்த ‘நேர்வாதி’யும் சரியில்லை. வாதி என்றால் வழக்குத் தொடுத்தவர் மட்டுமே. பிரதிவாதியும் வக்கீலின்றி நிற்கலாமே! ‘தன்வழக்காடி’ இருவருக்கும் பொருந்தும்.

ஒன்று மட்டும்: பட்டியலில் ‘மனு முன்நீக்கம்’ என்றே பதியுங்கள். வேலை போனவரின் வழக்கில் ‘பணிநீக்கம்’ பக்கத்திலேயே வரும், இரண்டும் குழம்பக்கூடாது.