ஆய்வுக்காகத் தாத்தா பாட்டிகளைத் தேடிப் போனவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

கள ஆய்வாளர், திருநெல்வேலிப் பக்கம்:
60 வயதைத் தாண்டியவர்களின் ஞாபகசக்தியைச் சோதிக்கும் பல்கலைக்கழக ஆய்வு. சோதிப்பது சுலபம், ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. கதவைத் தட்டினால் முதலில் வருவது மருமகள். அவர் மனது வைக்காமல் திண்ணையில் இருக்கும் ஆச்சியிடம் பேச முடியாது. அதே சமயம் மருமகள் சரி என்றால் மட்டும் போதாது, ஆச்சியே சம்மதிக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் 'இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை' என்று ஒரு வரி உண்டு. வாசித்துக் காட்டியதும் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணும் கிடைக்காதுன்னு நீயே சொல்லுத. பெறகு எதுக்குளா இந்த வெயில்ல வந்த?"

அப்புறம் கைநாட்டு. வீட்டை எழுதி வாங்கிவிடுவோமோ என்ற பயம் நிறையப் பேருக்கு. படிக்கத் தெரியாதவர் ரேகை வைக்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 நெறிமுறை. எங்களுக்கு இது தொல்லை இல்லை, உதவி. அந்த ஆச்சிக்குப் பக்கத்து வீட்டு டீச்சர் வந்து உட்கார்ந்தார். படிவத்தின் நகலையும் கையில் கொடுத்தோம். மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்த பிறகுதான் கட்டைவிரலை நீட்டினார்.

சோதனையில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்ல வேண்டும். ஆச்சி விழித்தார். கேள்வியை நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கேட்கக் கூடாது என்பதால் பூஜ்யம் போட்டேன். எல்லாம் முடிந்த பிறகு சும்மா, "நூறு ரூவா வச்சிருக்கீங்க, தினமும் ஏழு ரூவாய்க்கு வெத்தல வாங்குனா?" என்றேன். இலையைச் சுருட்டிக்கொண்டே 93, 86, 79, 72, 65 என்றார். தாளில் பூஜ்யம்தான் நிற்கிறது. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் படிக்காதவர்களுக்கென்றே இந்தச் சோதனையை இந்தியில் மாற்றியமைத்து 1995-லேயே வெளியிட்டார்கள். ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பிசியோதெரபி மாணவர், சென்னை:
எங்களுடையது முதியவர்கள் தடுமாறி விழுவது பற்றிய ஆய்வு. பூங்காவில் நோட்டீஸ் கொடுத்தால் ஆள் குவிகிறது. ஆனால் காலையில் பூங்காவைச் சுற்றி வருகிறவர் எங்கே விழப்போகிறார்? விழுகிறவர் மாடி வீட்டில் இருக்கிறார், படி இறங்கவே துணை வேண்டும். இப்போது ஆட்டோ அனுப்பிக் கூட்டி வருகிறோம், கூட வருகிறவருக்கும் சேர்த்து டீ, பிஸ்கட். பட்ஜெட்டில் இதை எழுதினால் கைடு முகம் சுளிக்கிறார்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், வயது 71:
நான் எதிர்ப்பக்கம், சோதிக்கப்பட்டவன். ஒரு கல்லூரியில் நடை ஆய்வுக்கு நானும் நண்பரும் போனோம். அவருக்குச் சுகர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வயதில் சுகரும் பிரஷரும் இல்லாதவனாகப் பார்த்துப் பொறுக்கினால் அது யாரைப் பற்றிய ஆய்வு? என்னைக் கயிறு கட்டாத குறையாக நடக்கவிட்டு, காலில் ஏதேதோ ஒட்டிப் படம் பிடித்தார்கள். பிள்ளைகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், குறை சொல்ல மாட்டேன். முடிவு வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு தீபாவளி போய்விட்டது. நண்பர் பார்க்கும்போதெல்லாம், "உன் நடை பாஸா ஃபெயிலாய்யா?" என்கிறார். ஆய்வு செய்கிற தம்பி தங்கைகளே, ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால் கூடப் போதும். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.